சுரண்டி எடுத்த சுருதி

ஒரு பொருளில் ஒட்டிக்கொண்டிருப்பது அழுக்கா, அவசியமா என்று பார்த்தவுடன் எப்படிக் கண்டுபிடிப்பது? இத்தனை வருடமாகியும் எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புலம்பெயர்ந்து வந்த டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடி வீடு. இடுப்பில் ஒன்றரை வயது மகன். நாலாம் வகுப்பில் மகள் அபிரா. பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத பிள்ளை. (வீட்டில் மூடமாட்டாள்.) அவளைக் கச்சேரிக்குத் தெரிந்தெடுத்தவர் தாய்லாந்திலிருந்து வந்த இசை ரீச்சர், மிஸ் மாலி.

அவருடைய நாட்டு வாத்தியம் ஒன்றும் பள்ளியில் இல்லை. இருந்த வயலின்களையும், மரக்கட்டைகளைத் தடியால் தட்டும் சைலபோனையும் வைத்தே அந்த ஊர்ப் பழைய மெட்டுகளைப் பழக்கினார். தொடக்கத்தில் தனியே தட்டுவது அபிரா. நான் மூன்று நாள் நித்திரை கொள்ளவில்லை.

"பெற்றோர் உதவிக்கு வரலாம்" என்று கடிதம் வந்தது. 'வரலாம்' என்பதை நான் எப்போதும் 'வரவேண்டும்' என்றுதான் வாசிப்பேன். கச்சேரியன்று காலை போனேன். வாத்தியங்களைத் தூசி தட்டிவிடச் சொன்னார் மிஸ் மாலி. சைலபோன் கட்டையொன்றைத் திருப்பினால், அடியில் பிசுபிசுவென்று உருண்டை! எல்லாக் கட்டையிலும்! பிள்ளைகள் ஒட்டிய சூயிங்கம் என்று முடிவெடுத்து, கரண்டிக் காம்பால் சுரண்டி, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து அடுக்கினேன். களைத்துப்போனாலும் பெருமையாக இருந்தது.

பின்னேரம் அபிரா தட்டினாள். வயலின்கள் சேர்ந்துகொண்டன. இரண்டும் கோபம்போட்ட அயல்வீட்டுக்காரர் மாதிரி, ஒன்றையொன்று பார்க்காமல் போயின. பிள்ளை நிறுத்தித் தன் கையைப் பார்த்தாள். பிறகு தடியைக் கீழே வைத்துவிட்டாள்.

கச்சேரி முடிய மிஸ் மாலி ஒரு கட்டையைத் திருப்பி, மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தார். தாய்லாந்தில் அடியில் மெழுகு ஒட்டித்தான் சுருதியை இறக்குவார்களாம். அதுபோல இவரும் இரண்டு கிழமையாக, பிள்ளைகள் உருட்டி விளையாடும் பிளாஸ்டிசின் களியை ஒட்டி வயலின்களோடு சுருதி சேர்த்திருந்தாராம்.

"யார் எடுத்தது?" என்று கேட்டார்.

நான் குனிந்து மகனின் சப்பாத்து நாடாவைக் கட்டினேன். (அந்தச் சப்பாத்துக்கு நாடா இல்லை.)

பஸ்ஸில் அபிரா விம்மினாள். "அம்மா, நான் பிழையா அடிக்கேல்லை. பிறாமிஸ்."

"தெரியும் பிள்ளை. அம்மாதான் அதுகளைக் கழுவினனான்."

"எல்லாத்தையுமோ?"

"ஓம். சோப்புப் போட்டு."

இரண்டு பஸ் தரிப்பிடம் தாண்டிய பிறகு சிரிக்கத் தொடங்கினாள். அழுதது நான்தான்.

இன்றும் நான் துணியைக் கையில் எடுத்தால் என் கணவர், "இஞ்சை பாரும், அதின்ரை சுருதியையும் துடைச்சுப் போடாதையும்" என்பார்.

அடுத்த மாதம் அபிராவுக்குக் கல்யாணம். மிஸ் மாலியும் வருகிறார். பள்ளித் துப்புரவாளர்தான் அதைச் செய்தார் என்று இன்னமும் நம்புகிறாராம். இனியாவது சொல்லவா, விடவா? வாசிக்கிற நீங்கள் யாராவது எனக்கு எழுதுங்கள். சொல்வதென்றால் சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.