நான் சாத்தச் சொன்ன கதவு

எங்கள் கட்டடத்தில் இருக்கும் நாற்பது குடும்பங்களுக்கும் சட்டம் சொல்லிக்கொடுத்தே தீருவது என்று முடிவு செய்தேன். எல்லோரும் எங்களைப் போல வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். யாராவது கதவைத் தட்டினால், குடியேற்ற அதிகாரியோ என்று பாதிப் பேர் விளக்கை அணைத்துவிடுவார்கள். உதவிச் சங்கத்தில் ஆறு வாரம் பயிற்சி எடுத்தேன். பத்துப் பேரை வைத்து ஒரு வகுப்பு நடத்தினால்தான் பயிற்றுநர் அட்டை கிடைக்கும். அதற்கு ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள்.

கீழ்த்தளத்துச் சலவை அறையில் இரண்டு முறை நடத்திப் பார்த்தேன். முதல் முறை யாரும் வரவில்லை. இரண்டாம் முறை ஒருவர் வந்தார். அவர் துணி துவைத்து முடித்ததும் போய்விட்டார்.

ஞாயிறு காலை, என்னிடம் ஒருமுறை ஒத்திகை பாருங்களேன் என்றாள் மனைவி. ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் மடிப்பவள். ஆறு வாரமும் நான் ஒப்பித்ததைக் காதில் வாங்காதவள் போல் இருந்தவள். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

நான் அதிகாரி. பனியனும் அரைக்கால் சட்டையுமாக வெளியே போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"அதிகாரி. கதவத் திற."

"நீதிபதி கையெழுத்துப் போட்ட உத்தரவு இருந்தா கதவுக்கடியில தள்ளுங்க."

பிரமாதம், போதும், திற என்றேன்.

"நைசாப் பேசினாலும் திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அரைக்கால் சட்டையின் பையில் பல் டாக்டர் சீட்டு ஒன்று இருந்தது. அதைத் தள்ளினேன். உள்ளே நிதானமாகப் படிக்கும் சத்தம்.

"இதுல கடைவாய்ப் பல்லப் பிடுங்கத்தான் உத்தரவு. வீட்டுக்குள்ள வர இல்ல."

எதிர்வீட்டு டாக்சிக்காரர் எட்டிப் பார்த்தார். பயிற்சி நடக்கிறது என்றேன்.

"எங்க வீட்லயும் இந்தப் பயிற்சி உண்டுண்ணே," என்று நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்தடுத்துக் கதவுகள் திறந்தன. மாடிப்படி நிரம்பியது. நான் உள்ளே போக அந்தத் தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று உள்ளிருந்து மனைவி அவர்களைக் கேட்டாள். சரியான பெயர், சரியான முகவரி, நீதிபதி கையெழுத்து என்று நாலு தடவை கோரஸாகச் சொன்னார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

ரொட்டிக்கடையில் வேலை செய்யும் அக்கா மட்டும் கதவருகே வந்து மெல்லக் கேட்டார். "என் பாஸ்போர்ட்ட முதலாளி வாங்கி வச்சிருக்காரு. திருப்பிக் கேக்கலாமாம்மா?"

உள்ளிருந்து மனைவியின் பதில் சட்டென்று வந்தது.

"கேளுங்க அக்கா. அது உங்களோடது. தரலேன்னா சங்கத்து வக்கீல் இருக்காரு. நம்பர் இவர்கிட்ட இருக்கு, வாங்கிக்கோங்க. இவர் எங்கயும் போகமாட்டார்."

எண்ணைச் சொன்னேன். அக்கா இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் கீழ்ப்படியில் சங்கத்து மேற்பார்வையாளர் அம்மா தலைகளை எண்ணிக் குறித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். பதினேழு. காலையிலேயே என் மனைவி போன் செய்து வரச் சொன்னாளாம்.

கதவு திறந்தது.

"வகுப்புன்னா யாரும் வரமாட்டாங்க," என்றாள். "புருஷன் வெளியில நிக்கிறான்னா மாடி மாடியா வருவாங்க."

அடுத்த வாரம் பயிற்றுநர் அட்டை வந்தது, அவள் பெயருக்கு. கூடவே வகுப்பு அறிக்கையின் நகல். அதில் பயன்படுத்திய பொருட்கள் என்ற இடத்தில் மேற்பார்வையாளர் எழுதியிருந்தார்: கதவு ஒன்று, கணவர் ஒன்று.