மனு பிரிவில் ஒரு காலியிடம்

எங்கள் மகன் நைஜல் டிப்ளோமா முடித்துவிட்டு ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தான். என் மனைவி சூசன் அதைக் குடும்ப வாட்சாப் குழுவில் அறிவித்ததும், பிறந்தநாள் கேக் படங்கள்கூட அரை மணி நேரம் நின்றுபோயின. கடைசியில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து அவளுடைய அண்ணன் வாலண்டைன் எழுதினார்: "மேற்படி விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

வாலண்டைன் முப்பத்தைந்து வருடம் அரசாங்க கிளார்க். ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகியும் 'மேற்படி'க்கு மட்டும் ஓய்வு கொடுக்காதவர்.

மறுநாளே ரவாங்கிலிருந்து நானும் நைஜலும் ரயிலேறி, அவரையும் கூட்டிக்கொண்டு கிள்ளானில் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே அதிகாரி கமலநாதன், ஒரு காலத்தில் வாலண்டைனுக்குக் கீழே வேலை பார்த்தவர். எழுந்து நின்று கைகொடுத்தார்.

"காலியிடம் இருக்கு சார். வேலை மனுக்களைப் பரிசீலிக்கிற உதவியாளர்."

"அப்ப நம்ம பையனைப் போட்டுருங்க லா."

"போடலாம். ஆனா அவர் மனுவை யாராச்சும் பரிசீலிக்கணுமே."

"யாரு பரிசீலிப்பா?"

"உதவியாளர்தான்."

"அவர் எங்க?"

"அந்த இடம்தான் சார் காலியா இருக்கு."

நைஜல் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அங்கே 'மூன்று வேலை நாட்களில் பதில்' என்று கண்ணாடிச் சட்டத்துக்குள் எழுதியிருந்தது.

"எத்தனை நாளா காலி?" என்று கேட்டேன்.

"நாலு வருஷம். எழுநூறு மனு வந்திருக்கு அண்ணே. நல்ல வரவேற்பு!"

வாலண்டைன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தற்காலிகமா ஒரு ஆளைப் போட்டா?"

"அதுக்கு மனுவே வேணாம். முன்னாள் ஊழியரா இருந்தா போதும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை வாலண்டைன் பொறுப்பேற்றார். குழுவில் நூற்று நாற்பது வாழ்த்துகள். "அண்ணனே நாற்காலியில உட்கார்ந்துட்டாரு, இனி என்னங்க கவலை?" என்று சூசன் மாதா கோயிலில் நன்றிப் பூசைக்கே எழுதிக்கொடுத்துவிட்டாள்.

இரண்டு மாதம் போனது. சூசன் போன் செய்தாள்.

"அண்ணே, நைஜல் மனு என்னாச்சு?"

"பரிசீலனையில இருக்கு."

"நீங்கதானே பரிசீலிக்கிறீங்க?"

"அதனாலதான் உறுதியா சொல்றேன்."

அவர் பொய் சொல்லவில்லை. நைஜலை எடுத்தால், தற்காலிகப் பொறுப்பு அன்றோடு முடிந்துவிடும். அது சின்ன விஷயமா? ஆழ்ந்துதான் பரிசீலிக்க வேண்டும்.

மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. 'மேற்படி விண்ணப்பதாரருக்கு முன் அனுபவம் இல்லாததால், அவரது மனு ஏற்கப்படவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' கீழே வாலண்டைனின் கையெழுத்து. அதற்கும் கீழே பேனாவில்: 'ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வாங்க.'

சூசன் அழுதாள். நைஜல் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலைக்குப் போய் நின்றான். "மெஷின் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார்கள். ஓட்டிக் காட்டினான். மறுநாள் வரச் சொன்னார்கள்.

அந்தச் செய்தியையும் சூசன் குழுவில் போட்டாள். அடுத்த நிமிடமே சொந்தக்காரர்கள் எல்லோரும் வாலண்டைனுக்கு நன்றி சொன்னார்கள். அவரும் தன்னடக்கத்தோடு கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார்.

அந்த வாரம் மட்டும் எங்கள் குடும்பத்திலிருந்து அவருக்கு ஒன்பது மனுக்கள் போயின. எட்டு, பிள்ளைகளுக்காக. ஒன்பதாவது என்னுடையது. அடுத்த மார்ச்சில் எனக்கும் ஓய்வு. தற்காலிகமாக ஏதாவது இருக்காதா?