டிஜிட்டல் டைரி இணைப்புப் பெருவிழா

பொதுமக்களின் மேலான கவனத்திற்கு: வாய்க்கால் பாசனச் சங்கத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆகவே தண்ணீர் நின்றுவிட்டது.

யார் வயலுக்கு என்றைக்குத் தண்ணீர் என்ற முறையெல்லாம் செயலாளர் மயில்சாமியின் பழைய டிஜிட்டல் டைரிக்குள் இருந்தது. உள்ளங்கையளவுதான் டைரி. ஆனால் அதன் ஒயர் முனை சோப்பு டப்பா அகலம். புதுக் கம்ப்யூட்டரின் ஓட்டைகளிலோ எறும்பு நுழைந்தாலே பெரிது.

வெற்றிலைக் கொடிக்கால் வாடுவதைப் பொறுக்காமல் கண்ணாத்தாள் ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங்க, எம்பட மொறை வெள்ளிக்கெழமைன்னு டப்பாவுலயே தெரியுதுங்களே. மடையத் தொறந்து உடுங்க."

மயில்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மணி, அது வெறும் எழுத்து. கம்ப்யூட்டர்ல ஏறுனாத்தான் தகவல். தகவல் இல்லாம உட்டா அது தண்ணியில்லீங்க, முறைகேடு."

"கொடிக்காலுக்கு அது தெரியாதுங்களே!"

"தெரியப்படுத்துங்க."

நாமக்கல்லிலிருந்து கம்ப்யூட்டர் கௌசிக் வந்தான். ஒயரில் ஒயரை மாட்டி, அதில் இன்னொன்றை மாட்டி, மேசையை மூன்று சுற்றுச் சுற்றி ஒருவழியாக இணைத்தான். இத்தனை பெரிய சாதனையைச் சும்மா செய்யலாமா? பந்தல், மைக், குத்துவிளக்கு. ஊரே போனைத் தூக்கிக்கொண்டு கூடியது. டைரித் திரையில் தன் பெயர் மின்னுவதைக் கண்ட கண்ணாத்தாளும் அதன்முன் நின்று ஒரு செல்பி எடுத்துக்கொண்டாள்.

"சார், கம்ப்யூட்டர் ஒண்ணு கேக்குதுங்க," என்றான் கௌசிக். "டைரியப் பாத்துக் கம்ப்யூட்டர் எழுதிக்கறதா, கம்ப்யூட்டரப் பாத்து டைரி எழுதிக்கறதா?"

"இதென்ன கேள்வி? மேலிடத்தப் பாத்துத்தான் கீழிடம் எழுதோணும். கம்ப்யூட்டர் மேலிடத்துல இருந்து வந்தது."

"அதுல ஒண்ணுமே இல்லீங்களே சார்!"

"மேலிடத்துல ஒண்ணுமில்லைன்னு சொல்ல நீ யாரு? அமுக்கு."

அமுக்கினான். கழுவிவிட்ட சிலேட்டு மாதிரி டைரி வெறுமையாகிப் போனது.

"ரெண்டும் நூத்துக்கு நூறு ஒத்துப்போச்சுங்க," என்றான் கௌசிக்.

பலத்த கைதட்டல். கண்ணாத்தாளும் தட்டினாள். தட்டி முடித்த பிறகுதான் டைரியை எட்டிப் பார்த்து, மயில்சாமி பக்கம் திரும்பினாள்.

"அய்யோ, எம்பட வெள்ளிக்கெழமை? நீங்களுந்தானே பாத்தீங்க!"

"பாத்தது மயில்சாமிங்க. செயலாளர் பாக்கலை. ஆதாரம் இருந்தாக் குடுங்க, ஏத்திப்போடலாம்."

ஊரே போனைத் தடவியது. பந்தல் இருந்தது, விளக்கு இருந்தது, அவரவர் மூஞ்சி அழகழகாக இருந்தது. கண்ணாத்தாள் தன் செல்பியை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். டைரித் திரை இருக்க வேண்டிய இடத்தில் அவளுடைய கொண்டை இருந்தது.

மயில்சாமி எட்டிப் பார்த்தார். "அடடா, படம் அருமைங்க அம்மணி. அனுப்பி உடுங்க. 'பயனடைந்த விவசாயி'ன்னு வாய்க்கால் மதகுலயே பேனர் கட்டிரலாம்."

கண்ணாத்தாள் அனுப்பினாள். கூடவே கேட்டாள்: "மூஞ்சியக் கொஞ்சம் செவப்பாக்கிப் போடுவீங்களா?"