ரவை தின்ற மிருதங்கம்

சங்கீதக்காரன் பட்டினி கிடப்பான் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் வாசித்த காலத்தில் என் மிருதங்கம் நன்றாகவே சாப்பிட்டது. பட்டினி கிடந்தவர்கள் மற்றவர்கள்தான்.

போன மாதம் ஓர் இசைப்பள்ளியிலிருந்து இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். 'கர்நாடக இசைக் கலைஞராக நிறைவான, சமநிலையான வாழ்க்கையை அமைத்துக்கொள்வது எப்படி?' என்று நான் மாணவர்களிடம் பேச வேண்டுமாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நிறைவாம், சமநிலையாம்! என் இசை வாழ்க்கை மலாக்கா ஊரின் காஜா பெராங் பகுதியில் ஒரே மத்தியானத்தில் முடிந்துபோன கதை. அதைச் சொன்னால் பிள்ளைகள் வயலினை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சி. எனக்கு இருபது வயது. ஆங்கிலப் பள்ளியில் படித்து முடித்த எனக்கு ஒரு கிடங்கில் எழுத்தர் வேலை. சாயங்காலம் மிருதங்கம். நான் பிறந்ததே மிருதங்கத்துக்காகத்தான் என்பது என் எண்ணம் (ஊரில் வேறு யாருக்கும் அந்த எண்ணம் இல்லை). அப்போது தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கச்சேரிக்கு வந்து, போரில் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட பாடகர் ஒருவர் மலாக்காவில் இருந்தார். கல்யாண வீடுகளில் பாடுவார். அவருக்கு நிரந்தரமாக ஒரு மிருதங்கக்காரர் தேவைப்பட்டது. காஜா பெராங் கல்யாணத்தில் என்னை வாசித்துக் காட்டச் சொன்னார். பிடித்தால் கூடவே வைத்துக்கொள்வாராம். கிடங்கு வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம்!

வழியில் காவல் நின்ற சிப்பாய் என் மிருதங்கத்தை ஆட்டிப் பார்த்தான். உள்ளே அரிசி கடத்துகிறேன் என்று சந்தேகம். எனக்கு அவமானமாக இருந்தது. கலையைப் போய்ச் சந்தேகிக்கிறானே என்று பொருமினேன். அன்றைக்கு அதைச் சரியாகச் சந்தேகித்த ஒரே மனிதன் அவன்தான்.

மிருதங்கத்தின் இடது பக்கத்தில், வாசிப்பதற்குமுன், ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்ப வேண்டும். அப்போதுதான் கனமான நாதம் வரும். கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எறிந்துவிடுவோம். ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்த காலத்தில், கல்யாணப் பெண்ணின் அம்மா எனக்குக் கொஞ்சம் மரவள்ளி மாவைப் பிசைந்து நீட்டினார்.

"என்னம்மா இது, பசையா? நான் போஸ்டர் ஒட்டவா வந்தேன்? ரவை வேணும்."

"தம்பி, டின்னுல ரெண்டே ரெண்டு பிடிதான் இருக்கு. பொண்ணு மாப்பிள்ளை இலையில மட்டுமாவது ஒரு இனிப்பு வைக்கணும்னு எத்தனை நாளா ஒளிச்சு வச்சிருக்கேன் தெரியுமா? அதுக்கு குலா மலாக்கா வெல்லம்கூட வாங்கியாச்சு."

"கேசரி அஞ்சு நிமிஷத்துல வயித்துக்குள்ள போயிடும். நாதம் நிக்கும்மா."

(நான் சொன்னதுதான். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. அந்தக் காலத்தில் ஜப்பான்காரன் காரணமே இல்லாமல் எத்தனையோ பேரை அறைந்தான். காரணம் இருந்த என்னை மட்டும் விட்டுவிட்டான்.)

பாடகர் காத்திருந்தார். விருந்தினர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா உள்ளே போய் ஒரு பிடி ரவை கொண்டுவந்தார். பதற்றத்தில் நான் தண்ணீரை அதிகம் ஊற்றிவிட்டேன். அப்பியது வழுக்கிக்கொண்டு என் வேட்டியில் விழுந்தது. வெட்கப்படுகிறவனாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பான். நானோ கையை மறுபடி நீட்டினேன்.

"இன்னொரு பிடி இருக்குன்னீங்களே?"

அதுவும் வந்தது. அதைக் கொடுத்தபோது அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

கச்சேரி தொடங்கியது. நன்றாகத்தான் வாசித்தேன், அதை மட்டும் யாரும் மறுக்கக் கூடாது. ஆனால் சபையில் ஒருவரும் என் விரல்களைப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் ரவைமேல். ஒரு கிழவர் எச்சில் விழுங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அதை ரசனை என்று எடுத்துக்கொண்டேன்.

பாடகர் கையசைத்து, நான் தனியாக வாசிக்க இடம் கொடுத்தார். என் எதிர்காலமே அந்தக் கையசைப்பில் இருந்தது. பலமாக அடித்தேன். காய்ந்த ரவை பொடிப்பொடியாகப் பாயில் உதிர்ந்தது. பக்கத்துச் செட்டி வீட்டுக் கோழி ஒன்று எங்கிருந்தோ வந்து அதைக் கொத்தத் தொடங்கியது. முழங்காலால் தள்ளினேன். போகவில்லை. பாயைக் காலி செய்துவிட்டு, நான் ஒரு தீர்மான முத்தாய்ப்பை அடித்து முடித்து மூச்சு வாங்கிய இடைவெளியில், நேராக மிருதங்கத்தையே கொத்தியது. நான் பதறி ஓங்கி அறைய, கோழி பறந்து பாடகரின் மடியில் போய் உட்கார்ந்தது. தாளம் போட்ட கையாலேயே அவர் அதைப் பிடித்தார். தாளம் போயிற்று. சபை சிரித்தது. நாலைந்து பேர் கோழியை விரட்ட எழுந்தார்கள்.

அப்போது, காலையிலிருந்து தலை நிமிராத கல்யாணப் பெண் சரசு நிமிர்ந்தாள்.

"அதை விரட்டாதீங்க. என் கல்யாணக் கேசரி, அதுவாவது சாப்பிடட்டும்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். இலையில் அன்று அவித்த மரவள்ளியும் தேங்காய்த் துருவலும்தான். எனக்கும் ஓர் இலை போட்டார்கள். அதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. ஏன் போட்டார்கள்? என்னைத் துரத்தியிருக்க வேண்டாமா?

பாடகர் கோபப்படவே இல்லை. "வாசிப்பு சுத்தம் தம்பி," என்றார். "ஆனா உன் மிருதங்கத்துக்குத் தீனி போட எனக்குக் கட்டுப்படி ஆகாது."

அவ்வளவுதான். திங்கட்கிழமை கிடங்குக்குப் போனேன். போர் முடிந்தபின் பள்ளி ஆசிரியரானேன். வார நாளில் பாடம், வெள்ளிக்கிழமை கோயிலில் வாசிப்பு. இதைத்தான் சமநிலை என்று அந்த இளைஞர்கள் நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

சரசுவின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல வருஷம் நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். சரசுவிடம் கேட்டேன். அவள் மன்னித்ததாகவும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. குடும்ப விசேஷம் எதற்கும் என்னை அழைக்காமல் விட்டதில்லை, அவ்வளவுதான். சென்ற ஆண்டு அவள் பேத்தியின் கல்யாணம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள், என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அவரு வரலையா?"

"யாரு?"

"உங்க மிருதங்கம்."

"இல்லம்மா. நான் மட்டும்தான்."

"அப்ப சரி, உள்ள வாங்க," என்றவள், சமையற்கட்டுப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்: "ஏய், கதவைத் திறந்து விடுங்க. கேசரிக்கு ஆபத்து இல்ல!"