மூன்று முறையும் பூ

மூன்றாவதும் பெண் என்று, மருமகள் பிரசவத்துக்குப் போயிருந்த ஆத்தூரிலிருந்து செய்தி வந்த நாள்முதல் பழனியம்மாள் மகனுக்கு வேறு பெண் தேடி, இப்போது முடித்தும்விட்டாள். திண்டுக்கல் மார்க்கெட்டில் முப்பது வருடமாகத் தக்காளிக் கமிஷன் கடை. ஒரு பெட்டியை நாலு பக்கமும் உருட்டிப் பார்க்காமல் விலை பேசாத மனுஷி, புது மருமகளைப் பார்க்காமலே பேசி முடித்திருந்தாள். பெண் தொப்பம்பட்டி. வெள்ளிக்கிழமைக்கு வேன் சொல்லியாகிவிட்டது. கோர்ட்டு, விவாகரத்தெல்லாம் பிறகு.

மகன் சிவபிரகாஷ், ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்பு அறிவியல் வாத்தியார். பதினோரு வருடமாக அவன் பாடத்தில் ஒரு பிள்ளை தவறியதில்லை. எந்தக் கேள்வி வரும், எதைச் சாய்ஸில் விடலாம் என்று அவன் சொன்னால் அச்சுப் பிசகாது. வகுப்பில் சிங்கம். வீட்டில் அம்மா தொண்டையைச் செருமினாலே எழுந்து நின்றுவிடுவான்.

அன்று காலை போனில் அவன் மனைவி புவனேஸ்வரி அழக்கூட இல்லை.

"நாப்பது நாளாச்சு, பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கல. வந்து கூப்புடுவீகளா மாட்டீகளா, அதை மட்டும் சொல்லுங்க. எங்கப்பா வாசலை விட்டு எந்திரிக்க மாட்டேங்குறாரு."

"வாரேன் புவனா. அம்மாகிட்ட அறிவியல்படி பேசிட்டு வாரேன்."

"எதுப்படியாச்சும் பேசுங்க." போன் அணைந்தது.

பழனியம்மாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தான்.

"அம்மா, ஆணா பொண்ணாங்கிறது அவகிட்ட இல்ல. அவகிட்ட ஒரே தினுசுதான். எங்கிட்டதான் ரெண்டு தினுசு. அதுல எது போய்ச் சேருதோ, அதான் பிள்ளை."

இதை வாய்விட்டு ஒருவரிடம் சொல்வது அவன் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. காது மடல் சிவந்துவிட்டது.

பழனியம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப நீதான் வேணும்னு மூணையும் பொட்டையாப் போட்டியா?"

"ஐயோ, என் கையிலயும் இல்லம்மா. காசு சுண்டுற மாதிரி. தலையும் விழலாம், பூவும் விழலாம்."

"மூணு வாட்டி சுண்டுன. மூணு வாட்டியும் பூவு."

"ஆமா."

"அப்பக் காசை மாத்து."

"காசே நான்தாம்மா!"

பழனியம்மாள் மகனைப் புழுத்த கத்தரிக்காயைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தாள். எழுந்து போனவள் சாயங்காலம், மகனுக்கு ஆண் பிள்ளை பிறக்கவென்று ஒரு டப்பா லேகியத்தோடு திரும்பி வந்தாள். கோளாறு மகனிடம்தான் என்று போகிற வழியில் தெரு முழுக்கச் சொல்லியும்விட்டாள். லேகியத்தின் சூடு ஆறுவதற்குள் கல்யாணம் ஆக வேண்டுமாம். வெள்ளிக்கிழமை வேன் புதன்கிழமைக்கு மாறியது.

சிவபிரகாஷ் பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "இந்தா, அச்சுலயே இருக்கு!"

"அச்சுல என்னத்தையும் போடுவாய்ங்க. படிச்ச ஆளு சொல்லட்டும். எதுத்த வீட்டுத் தமிழ்மதி உங்கிட்டப் படிச்சவதான? அவ சொன்னாக் கட்டுப்படுறியா?"

அவனுக்கு எழுந்து குதிக்கலாம்போல் இருந்தது. தமிழ்மதி! அறிவியலில் நூற்றுக்கு நூறு. பள்ளி வாசல் போர்டில் இன்னும் அவள் படம்தான். இப்போது பேங்கில் வேலை.

"கட்டுப்படுறேன். நீ?"

"நீ சொல்றதையே அவளும் சொல்லிட்டா, இன்னிக்கே நான் ஆத்தூர் போயி பிள்ளையத் தூக்கிட்டு வாரேன். மாத்திச் சொன்னா, புதன்கிழமை வேன்ல நீதான் மொத ஆளா ஏறணும்."

பழனியம்மாள் உள்ளங்கையை நீட்டினாள். மார்க்கெட்டில் கையடித்தால் பேரம் முடிந்தது. பிறகு மழை பெய்தாலும் சரக்கு அழுகினாலும் பேச்சு மாறாது. தெருவுக்கே கேட்கும்படி ஓங்கி அடித்தான். அம்மாவிடம் ஜெயிக்கப்போகும் முதல் பேரம். கையோடு கையாகப் புவனாவுக்கு ஒரு மெசேஜ்: 'பெட்டியைக் கட்டு.'

வேலை முடிந்து வந்த தமிழ்மதி ஹெல்மெட்டைக் கழற்றியபடியே உள்ளே வந்தாள். பழனியம்மாள் கேட்டாள்.

"இதுல என்ன அத்தை சந்தேகம்? வயித்துல வலப்பக்கம் தங்குனா ஆம்பளப் பிள்ளை, இடப்பக்கம் தங்குனாப் பொண்ணு. எல்லாம் பொம்பள உடம்பைப் பொறுத்துதான்."

பழனியம்மாள் வேன்காரனுக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா தமிழு," சிவபிரகாஷ் பாடப்புத்தகத்தை அவளிடம் நீட்டினான். "நூத்துக்கு நூறு வாங்குன பிள்ளை நீ. பத்தாவதுல அந்தப் பாடம் இருந்துச்சேம்மா. இதை யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

தமிழ்மதி ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பில் நிற்பதுபோலவே கை கட்டி நின்றாள்.

"நீங்கதான சார், அதைச் சாய்ஸ்ல விட்டுட்டு வீட்டுல பெரியவங்ககிட்டக் கேட்டுக்கங்கன்னு சொன்னீங்க? எங்கம்மாவுக்குத் தெரியல, அதான் உங்கம்மாகிட்டக் கேட்டுக்கிட்டேன்."