பெட்டிஷன் அண்ணாச்சியின் ஸ்தோத்திரச் சீட்டு

நாகர்கோவிலில் பெட்டிஷன் அண்ணாச்சியின் புகாருக்கு ஆளாகாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்று பொருள். ரேஷன் அரிசி, பேருந்து ஹாரன், எதிர்வீட்டுச் சேவல் என எல்லாவற்றின் மேலும் அவருடைய மனு நிலுவையில் இருந்தது. தாலுகா அலுவலகத்தில் அவற்றைப் பதிவேட்டில் ஏற்றிய எழுத்தர் நான். போதாததற்கு அவருக்குப் பக்கத்து வீடு.

ஒருமுறை எங்கள் தேவாலயத்துச் சபையாரோடு திற்பரப்பு அருவிக்குப் போயிருந்தோம். குளித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கைதட்டி அழைத்தார்.

"ஓய், தண்ணி இடது தோள்ல நல்லா விழுகு, வலது தோள்ல விழல்ல. இதுக்கு யாருவே அதிகாரி?"

"கொஞ்சம் நவுந்து நில்லுங்க அண்ணாச்சி."

"நான் எதுக்குவே நவுரணும்?"

மைனி, அதாவது அவர் மனைவி, நாற்பது ஆண்டுகள் பொறுத்தார். சோறு குழைந்தாலும் புகார், குழையாவிட்டாலும் புகார். போன வருடம் ஒரு காலையில் பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கலெக்டருக்கு வாரத்துல ஒரு நாளுதான் குறை கேக்கணும். எனக்கு ஏழு நாளும். இனி முடியாது, கேட்டியளா?"

இராஜாக்கமங்கலத்தில் உள்ள மகள் வீட்டுக்குப் போனவர் திரும்பவே இல்லை. மாதம் இரண்டு ஆயிற்று. அண்ணாச்சி பாதியாக இளைத்தார். வழக்கம்போல, மனைவி மேல் புகார் சொல்லப் போதகரிடம் போனார்.

எங்கள் சபையில் நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் காணிக்கையோடு ‘இன்னதற்காக ஸ்தோத்திரம்’ என்று ஒரு சீட்டு எழுதிப் போடுவார்கள். போதகர் அதை ஆராதனையில் வாசிப்பார். "நீங்க இதுவரை ஒண்ணுகூட போட்டதில்லயே அண்ணாச்சி. வாற ஞாயிறு ஒண்ணு எழுதுங்க, பாப்போம்" என்றார் போதகர்.

அண்ணாச்சி நேரே என்னிடம் வந்தார். "ஓய், நன்றிக்கு ஒரு மாதிரிப் படிவம் தாரும்."

அப்படி ஒரு படிவம் எந்த அலுவலகத்திலும் கிடையாது. என் வேலைக்காலம் முழுவதும் ஒரு நன்றி மனுகூட வந்ததில்லை. அவரே எழுதினார். ஞாயிற்றுக்கிழமை போதகர் வாசித்தார்: "பாடகர் குழு மூன்றாம் பாட்டைச் சுருதியோடு பாடியதற்காக ஸ்தோத்திரம். முதல் இரண்டு பாட்டுகள் குறித்துத் தனியே எழுதப்படும்."

சபை சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. மறுநாள் முதல் விடியற்காலையில் முழங்காலில் நின்று ஜெபிக்கத் தொடங்கினார். ஒரு வாரம் கழித்து வேலியோரம் வந்தார். முகம் வேறாக இருந்தது.

"முட்டுப்போட்டா குறைதாம்வே வருகு. எல்லாத்தையும் சொன்னேன். ஆண்டவரு எழும்பிப் போகல்ல, தள்ளுபடியும் பண்ணல்ல. எனக்கே கேட்டுச் சலிச்சிட்டு. இத நாப்பது வருசம் அவ எப்படிவே கேட்டா?"

அடுத்த சீட்டு முழு மனு வடிவில் இருந்தது. பெறுநர்: பரமபிதா. பொருள்: நாற்பது ஆண்டுகள் நல்ல மனைவியையும் வேளைக்குச் சோற்றையும் பெற்றமை – நன்றி சொல்லத் தவறியது – மன்னிப்பு வேண்டுதல். நகல்: இராஜாக்கமங்கலத்தில் உள்ள மனைவிக்கு, தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்.

போதகர் முகம் மாறாமல் வாசித்து முடித்தார். நகலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மைனி இரண்டு முறை படித்தார்.

"கையெழுத்து அவருதானா?"

"ஆமா மைனி. சான்றொப்பம் வேணும்னா நான் போடுகேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "ஏட்டி, என் பைய எடு" என்று மகளிடம் சொன்னார்.

அண்ணாச்சி முழுதாகத் திருந்திவிட்டார் என்று நான் சான்று தரமாட்டேன். சேவல் கூவினால் இன்னும் உதடு துடிக்கிறது. ஆனால் வாரம் தவறாமல் சீட்டு எழுதுகிறார். போன ஞாயிறு போதகர் வாசித்தது: "பக்கத்து வீட்டுக்காரருக்காக ஸ்தோத்திரம்." அவ்வளவுதான். காரணம் குறிப்பிடப்படவில்லை.

காரணம் சொல்லாத மனுவை அலுவலகத்தில் அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன். இதைப் போதகரிடம் கேட்டு வாங்கி, என் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.