அம்மனிடம் நான் இரண்டாம் முறை கேட்டது

ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியரைக் கோயிலுக்கு அழைத்துப் போகலாம்; பேச மட்டும் விடக் கூடாது. அந்தப் பேராசிரியர் நான்தான் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

தங்கை மகள் செல்விக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கும் பையனைப் பேசியிருந்தோம். செல்விக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது (பிடிக்காததுபோல் நடித்தாள், நடிப்பு போதவில்லை). பையனின் அப்பா உடன்குடி கருப்பட்டி வியாபாரி. பூக்கட்டிப் பார்க்காமல் தாம்பூலம் மாற்ற மாட்டேன் என்றுவிட்டார். தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டை அம்மன் கோயிலில் கூடினோம். இரண்டு பொட்டலங்கள்; ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் சிவப்பு. வெள்ளை வந்தால் சம்மதம். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை! பெண்கள் குலவையிட்டார்கள்.

எனக்கோ உடம்பெல்லாம் பரபரப்பு. இயற்கை விதியை மீறாமல் கடவுள் உலகில் செயல்பட முடியுமா என்று வாழ்நாளெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். சோதித்துப் பார்க்க வாய்ப்பு கண்முன் நிற்கிறதே!

"இதுல அம்மனுக்கு வேலையே இல்ல அண்ணாச்சி! கட்டும்போதே பொட்டலத்துல பூ முடிவாயிட்டு!" என்றேன் பையனின் அப்பாவிடம்.

"பூசாரி கையை அம்மன் நகட்ட மாட்டாளா?" என்றார் சம்பந்தி.

"நகட்டினா விதிமீறல்! குவாண்டத்துல மட்டுந்தான் ஒளித்துகள் இடமா வலமான்னு இயற்கை முடிவு பண்ணாம விட்டு வச்சிருக்கு. அம்மன் நுழையணும்னா அந்தச் சந்துலதான்!"

ஒளித்துகள் எந்தப் பக்கம் போனது என்பதை ஆய்வகத்திலிருந்து வாங்கி, ஒன்று அல்லது சைபராகக் காட்டும் செயலி ஒன்று என் செல்போனில் இருந்தது. ஒன்று வந்தால் சம்மதம், சைபர் வந்தால் இல்லை என்று அறிவித்து அமுக்கினேன்.

சைபர்.

சம்பந்தி தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "தாய்மாமனே கேட்டு வாங்கின பதிலு. இனி நான் என்னத்தச் சொல்ல?"

"ஏண்ணே, ஒன் சோதனைக்கு எம்மவ வாழ்க்கையா கெடச்சுது?" என்று அழுதாள் தங்கை.

"இன்னொருக்க அமுக்குங்க மாமா," என்று மாப்பிள்ளை காதோரம் கெஞ்சினான்.

"வேண்டிய விடை வரும்வரை அமுக்கினா அது சோதனையே இல்ல தம்பி," என்றேன் (அந்த நேரத்திலும்!).

செல்வி முன்னால் வந்து என் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு அம்மன் பதில் சொல்லியாச்சு மாமா. அதை நம்பாம நீங்கதான மறுபடி கேட்டிய? நம்பாம மறுபடி கேக்கலாமாங்கதுக்குத்தான் இப்ப சைபர் போட்டுக் கூடாதுன்னுட்டா."

சம்பந்தி வெடித்துச் சிரித்தார். தட்டு கீழே இறங்கியது; தாம்பூலம் மாறியது.

கடவுள் அந்தச் சந்தில் இருக்கிறாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது. செல்வி செல்போனைப் பிடுங்கிய வேகம் மட்டும் மறக்கவில்லை. அவளோ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். ஜவுளிக் கடையில் எடுப்பதென்று முடிவான புடவையை யாராவது மறுபடி புரட்டினால் முதல் அதட்டல் அவளுடையதுதான்:

"ஏளா, போதும். குவாண்டம் பாக்காத!"